முழங்கால் மடிய ஒரு கிழமை: மல்கம் எக்ஸின் சுயசரிதையும் நமது திருந்தும் கதைகளும்

சென்ற வருடம் மாணவர்களுக்கான சிறுகதைப் போட்டியொன்றில் நடுவராக இருந்தேன். கொடுக்கப்பட்ட தலைப்பு போதைப்பொருள். வந்து சேர்ந்தவை 31 கதைகள். இரண்டு இரவுகளில் அத்தனையையும் வாசித்து முடித்தேன். முடித்தபோது ஒரே கதையை 31 தரம் வாசித்த களைப்பு.

கதை இதுதான். நல்ல குடும்பத்துப் பிள்ளை. கெட்ட கூட்டாளி. முதலில் சிகரட், பிறகு கஞ்சா, பிறகு தூள் அல்லது ஐஸ். உம்மாவின் காப்பை விற்கிறான். வாப்பா நெஞ்சுவலியில் விழுகிறார். இந்த இடத்தில் பாதை இரண்டாகப் பிரியும். ஒரு பாதையில் அவன் கடற்கரையிலோ கானோரத்திலோ மௌத்தாகிக் கிடப்பான். மற்றப் பாதையில் சுபஹுடைய பாங்கு கேட்கும், கண்ணீர் வடியும், பள்ளிவாசல் படியேறுவான், கதை முடியும். படியேறியதற்கு அடுத்த நாளைப் பற்றி 31 பிள்ளைகளில் ஒரு பிள்ளையும் எழுதவில்லை.

பிள்ளைகளைக் குறை சொல்வதற்காக இதை நான் சொல்லவில்லை. பெரியவர்கள் எழுதுவதும் இதைத்தான். நமது சஞ்சிகைகளில் வந்த கதைகளிலும், றமழான் காலத்து வானொலி நாடகங்களிலும், ஜும்ஆ மிம்பரில் சொல்லப்படும் உதாரணங்களிலும் போதைக்காரன் ஒரு படிப்பினையாகத்தான் வருகிறான். அவனைப் பார்த்து மற்றவர்கள் திருந்த வேண்டும், அதோடு அவனுடைய வேலை முடிந்தது. தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்தவன் என்ற முறையில் பின்னோக்கியும் தேடிப் பார்த்தேன். சங்கப் பாடல்களில் கள் விருந்தோம்பலின் அடையாளம். அதியமான் இறந்தபோது ஔவை நினைத்து அழுகிற நல்ல குணங்களில் கள்ளைப் பகிர்ந்த குணமும் ஒன்று. திருக்குறளில் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே உண்டு. குடிப்பவனின் இழிவு, அவன் தாயின் முகம், ஊராரின் நகைப்பு எல்லாம் அங்கே இருக்கின்றன. குடித்து, பிறகு விட்டவன் ஒருவன் அந்தப் பத்துக் குறளிலும் இல்லை. விடுவது எப்படி, விட்ட பிறகு எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்ற கேள்விக்கு நமது இலக்கியத்தில் நான் கண்டது வெற்றிடமே.

இந்தக் கேள்வி எனக்குப் படிப்பால் வந்ததல்ல. என் தம்பியால் வந்தது.

அவனைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன். ஆறு வருடம் அவன் அதில் கிடந்தான். நான் மூத்தவன், ஊரில் நாலு பேர் ‘ஸேர்’ என்று கூப்பிடுகிறவன். அந்த ஆறு வருடமும் நான் அவனுக்குச் செய்தது புத்தி சொன்னதுதான். வசனமும் ஹதீஸும் சேர்த்து, வகுப்பில் நிற்கிற மாதிரி நின்று சொன்னேன். ஒரு நாள் அவன் தலையைக் குனிந்தபடியே சொன்னான்:

“நீங்க பள்ளிக்கு வா வா எண்டுதான் சொல்றீங்க காக்கா. நான் வந்தனான். என்னக் கண்டொடன ஒரு ஆள் வாசல்ல கழட்டின செருப்ப எடுத்துக்கிட்டுப் போய் உள்ளுக்கு வெச்சார். மறுகா நான் எப்பிடி ஸப்புல நிக்கிற?”

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்த நாட்களில்தான் மல்கம் எக்ஸின் சுயசரிதையை மறுபடியும் கையில் எடுத்தேன். பல்கலைக்கழகக் காலத்தில் பாதி வாசித்து வைத்த புத்தகம். இந்த முறை ஆங்கில அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழுதாக வாசித்தேன்.

இந்நூல் 1965 ஆம் ஆண்டு, அவர் கொல்லப்பட்டுச் சில மாதங்களின் பின் வெளிவந்தது. மல்கம் சொல்லச் சொல்ல எழுதியவர் பத்திரிகையாளரான அலெக்ஸ் ஹேலி. கறுப்பின விடுதலைப் போராட்டத்தின் நூலாகவும், 1964 ஆம் ஆண்டு ஹஜ்ஜின் நூலாகவும் நாம் அதைப் பேசியிருக்கிறோம். போதையிலிருந்து மீண்ட ஒருவரின் சாட்சியமாக அதை வாசித்தவர்கள் நம்மிடையே குறைவு. ஆனால் நூலின் நடுப்பகுதி முழுக்க அதுதான்.

1946 பெப்ரவரியில் பொஸ்டன் நகரத்துச் சார்ல்ஸ்டவுன் சிறைக்கு அவர் போகும்போது வயது 20. கஞ்சா, கொக்கெய்ன் எல்லாம் பழகியிருந்தது. சிறைக்குள் அவை கிடையாது. கிடைத்தது சாதிக்காய். சமையலறையிலிருந்து களவாக வரும் சாதிக்காய்த் தூளை நெருப்புப் பெட்டிக் கணக்கில் வாங்கி, குளிர் தண்ணீரில் கலக்கிக் குடித்திருக்கிறார்கள். மாத்தளைப் பக்கத் தோட்டங்களிலிருந்து வந்து நம் வீட்டு வட்டிலப்பத்தில் சுரண்டிப் போடுகிற அதே சாதிக்காய். பிறகு வீட்டிலிருந்து பணம் வந்ததும் காவலர்கள் மூலமே மாத்திரையும் கஞ்சாவும் கிடைத்தன. கதவைப் பூட்டிவிட்டால் பழக்கம் போய்விடும் என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கங்களை ஒரு தரம் வாசிக்க வேண்டும். அங்கே அவர் வேதத்தையும் இறைவனையும் ஏசியபடி கூண்டுக்குள் நடந்து திரிவாராம். மற்றக் கைதிகள் அவருக்கு வைத்த பெயர் சாத்தான்.

இங்கிருந்து ஈமானுக்கு அவர் எப்படிப் போனார்? நமது கதாசிரியர்களாக இருந்தால் ஒரு பாங்குச் சத்தத்தைக் கொண்டுவந்து விடுவார்கள். மல்கமின் நூல் அப்படிச் செய்யவில்லை. இரண்டு கடிதங்களை வைக்கிறது.

முதற் கடிதம் மூத்த சகோதரர் பில்பர்ட்டிடமிருந்து வந்தது. கறுப்பின மனிதனுக்குரிய இயல்பான மார்க்கம் தனக்குக் கிடைத்துவிட்டது, நீயும் விடுதலைக்காக அல்லாஹ்விடம் பிரார்த்தி என்று எழுதினார். சரியான சொற்கள்தான். ஆனால் மல்கம் அதற்கு எழுதிய பதில் சொல்லத் தரமற்றது என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

இரண்டாவது, தம்பி ரெஜினோல்ட் எழுதியது. அதில் ஊர்ப் புதினங்கள் எல்லாம் இருந்தன. முடிவில் சாதாரணமாக இரண்டு விடயங்கள்: இனிப் பன்றி இறைச்சி சாப்பிடாதே, சிகரட் பிடிக்காதே, சிறையிலிருந்து வெளியே வரும் வழியை நான் காட்டுகிறேன். இறைவன் என்ற சொல்லே அந்த இடத்தில் இல்லை. மல்கம் இதை ஒரு தந்திரம் என்று நினைத்தார். ஏதோ நோய் நடித்து வெளியே வருகிற வேலையாக்கும் என்று நம்பி, கையிலிருந்த சிகரட் பெட்டியை முடித்துவிட்டு அதோடு நிறுத்தினார்.

ஏன் இரண்டாவது கடிதம் உள்ளே போனது? நூலே விடை தருகிறது. குடும்பத்தார் கூடிப் பேசி, ரெஜினோல்ட்தான் எழுத வேண்டும் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். ஹார்லெமில் மல்கமோடு கூட இருந்தவர், தெருவில் நிற்கிறவனின் மூளை எப்படி வேலை செய்யும் என்று தெரிந்தவர் அவர்தான். பில்பர்ட் தனக்குத் தெரிந்ததை எழுதினார். ரெஜினோல்ட் மல்கமைத் தெரிந்துகொண்டு எழுதினார். இந்தப் பக்கத்தை வாசித்த அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆறு வருடமாக நான் எழுதிக்கொண்டிருந்தது பில்பர்ட்டின் கடிதம்.

இதன் பின் வருவது சிறைச் சாப்பாட்டுக் கூடம். இறைச்சித் தட்டு கைமாறி வருகிறது. என்ன இறைச்சி என்று முதலில் விளங்கவில்லை, பிறகு பன்றி என்று தெரிகிறது. எடுக்காமல் அடுத்தவரிடம் நீட்டுகிறார். அவர் ஆச்சரியமாகப் பார்க்க, நான் பன்றி சாப்பிடுவதில்லை என்கிறார். இரவாவதற்குள் சிறைப்பகுதி முழுக்கச் செய்தி பரவிவிடுகிறது, ‘சாத்தான்’ பன்றி சாப்பிடவில்லையாம் என்று. அவருக்கு அதில் ஒரு வகைப் பெருமை. இன்னும் தொழவில்லை, கலிமா தெரியாது, இறைவனை நம்பவும் தொடங்கவில்லை. ஆனால் ஒரு தட்டைத் தள்ளி வைக்க முடிந்திருக்கிறது. எதையும் வேண்டாமென்று சொல்லத் தெரியாமற் போனவன் பல வருடத்துக்குப் பிறகு ஒன்றை வேண்டாமென்று சொல்கிறான். இந்தச் சிறிய சம்பவத்துக்கு நூல் கொடுக்கும் இடத்தைக் கவனியுங்கள். ஈமான் பிறகு வந்து உட்காருவதற்கு இங்கே ஒரு பாய் விரிக்கப்படுகிறது.

அடுத்ததுதான் என்னை மிகவும் பாதித்த பகுதி. நோர்போக் சிறைக்கு மாறிய பிறகு, குடும்பத்தார் சொல்லிக் கொடுத்தபடி தொழ முயல்கிறார். வாழ்க்கையில் தனக்கு ஆகக் கடினமாக இருந்த சோதனை அதுதான் என்கிறார். வீட்டுப் பூட்டை உடைப்பதற்காக அன்றி வேறெதற்கும் மடியாத முழங்கால் அது. பலவந்தமாக மடிப்பார், வெட்கம் வந்து எழுப்பிவிடும். மறுபடி மடிப்பார். மறுபடி எழும்பிவிடுவார். இப்படி ஒரு கிழமை போகிறது.

ஒரு கிழமை! நமது கதைகளில் இதற்கு ஒரு வரிதான். ‘அவன் ஸுஜூதில் விழுந்தான்.’ எழுதுபவருக்கு அது சுலபம், ஏனென்றால் சிறு வயதிலிருந்தே நமக்கு உடம்பு தானாக வளையும். வளையாத உடம்பு எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியாது. பாவி தொழவராமல் இருப்பது திமிரினால் என்றுதான் நாம் பொதுவாக நினைக்கிறோம். மல்கம் சொல்லும் காரணம் வேறு, வெட்கம். இறைவனுக்கு முன்னால் நிற்கத் தனக்குத் தகுதியில்லை என்கிற வெட்கம். திமிருக்குச் சொல்லும் மருந்தை வெட்கத்துக்குக் கொடுத்தால் நோய் கூடும். செருப்பை எடுத்து உள்ளே வைத்தவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தொழுகைக்குப் பக்கத்தில் நூல் இன்னொன்றையும் வைக்கிறது. எழுத வராத மனிதர் அகராதியை எடுத்து, முதற் பக்கத்தைக் குறியீடுகள் உட்படத் தன் கையெழுத்தில் பிரதி செய்கிறார். அதற்கே ஒரு நாள் எடுத்ததாம். எலைஜா முஹம்மதுக்கு எழுதிய முதற் கடிதத்தைக் கிட்டத்தட்ட 25 தரம் திருத்தி எழுதியிருக்கிறார். இரவு பத்து மணிக்கு விளக்கணைத்த பிறகு நடைபாதை வெளிச்சத்தில் தரையிலிருந்து வாசிப்பு. காவலரின் காலடி கேட்டால் படுக்கைக்குத் தாவல், போனதும் மறுபடி தரை. போதைக்கு அலைந்த அதே விடாப்பிடி வேறொரு திசைக்குத் திரும்பியிருக்கிறது. போதையை எடுத்துவிட்டால் ஒரு மனிதனின் நாளில் எவ்வளவு நேரம் வெறுமையாகிறது என்று அனுபவப்பட்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள். “விடுறது பெரிசில்ல காக்கா, விட்ட புறகு பின்னேரம் நாலு மணிக்கு என்ன செய்ற எண்டதுதான்” என்று என் தம்பி ஒரு முறை சொன்னான்.

நூலின் பிற்பகுதியில், அவர் போதனையாளரான பிறகு, போதைக்கு அடிமையானவர்களை அந்த இயக்கத்தார் மீட்ட முறை ஆறு படிகளாக விவரிக்கப்படுகிறது. தான் அடிமைதான் என்று அவனே ஒப்புக்கொள்ளச் செய்வது. ஏன் இதற்குள் போனான் என்று விளங்க வைப்பது. வெளியேற வழியுண்டு என்று காட்டுவது. உடைந்து கிடக்கும் சுயமதிப்பைக் கட்டியெழுப்பி, தன்னால் முடியும் என்று அவன் உணரச் செய்வது. பிறகு அவனே விரும்பி ஒரேயடியாக நிறுத்துவது. கடைசியாக, குணமானவன் போய்த் தன் பழைய கூட்டாளிகளைக் கூட்டி வருவது. நிறுத்துவது ஐந்தாவது படியில் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்கு முன்னால் மாதக்கணக்கான ஆயத்தம். அவன் நடுங்கிக் கத்தும் நாட்களில் பக்கத்தில் இருப்பவர்கள் முன்பு அதே நிலையில் கிடந்தவர்கள். அவனுடைய பாஷையிலேயே பேசுவார்கள், குளிப்பாட்டுவார்கள், உணவூட்டுவார்கள்.

நாம் வைத்திருப்பது தலைகீழான ஏணி. முதலில் நிறுத்து, பிறகு பள்ளிக்கு வா, பிறகு மனிதனாக மதிக்கிறோம் என்கிறோம்.

இது மார்க்கத்துக்குப் புதிய விடயமா? இல்லை. மதுவைப் பற்றிய வசனங்கள் இறங்கிய ஒழுங்கு நமக்குத் தெரியும். அல்பகராவின் 219 ஆம் வசனம் அதன் தீமை பயனிலும் பெரியது என்கிறது. அந்நிஸாவின் 43 ஆம் வசனம் போதையில் தொழுகையை நெருங்க வேண்டாம் என்கிறது. அல்மாஇதாவின் 90 ஆம் வசனம் முற்றாகத் தடுக்கிறது. எடுத்த எடுப்பிலேயே குடிக்காதீர்கள் என்று இறங்கியிருந்தால் மக்கள் ஒருபோதும் விடமாட்டோம் என்று சொல்லியிருப்பார்கள் என ஆயிஷா (ரழி) அவர்கள் கூறியதாக ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. முதலில் சுவர்க்க நரகத்தைப் பற்றிய பேச்சு, உள்ளங்கள் இஸ்லாத்தில் நிலைத்த பிறகே ஹலால் ஹராம். நடுவில் வந்த அந்த வசனத்தை நினைத்துப் பாருங்கள். ஐந்து வேளைத் தொழுகை உள்ளவனுக்குக் குடிக்க மிஞ்சும் நேரம் எவ்வளவு? தொழுகை உள்ளே வந்து குடியின் இடத்தைச் சுருக்கியது. சட்டம் இன்று முழுமையாகிவிட்டது, அதில் தளர்வு கேட்டு நான் எழுதவில்லை. மனித உள்ளம் எந்த வழியால் நடக்கும் என்று படைத்தவன் காட்டித் தந்திருக்கிறான், அந்த வழியை நமது கதைகளும் பயான்களும் மறந்துவிட்டன என்பதே என் வாதம்.

இனி நூலின் குறைகள். விமர்சனம் என்று எழுதிவிட்டு அவற்றை மறைப்பது முறையல்ல.

முதலாவது, மல்கமை மீட்ட கொள்கை தெளிவான இஸ்லாம் அல்ல. நேஷன் ஒஃப் இஸ்லாம் இயக்கம் ஒரு மனிதரை இறைவனின் வடிவமாகவும், எலைஜா முஹம்மதை அவரது தூதராகவும் கொண்டது. வெள்ளையரைப் பிசாசுகள் என்றது. தவ்ஹீதுக்கும் இறுதி நபித்துவத்துக்கும் நேர் முரண். அப்படியானால் பிழையான கொள்கை எப்படிச் சரியான வேலையைச் செய்தது? சில நண்பர்கள் இந்தக் கேள்விக்குப் பயந்தே மக்கா அத்தியாயத்திலிருந்து வாசிக்கத் தொடங்குகிறார்கள். எனக்குப் படுவது இது: அந்தச் சிறைக்கூண்டில் அவரைத் தூக்கியது அந்த இயக்கத்தின் புராணக் கதைகளல்ல. பன்றியை விலக்கல், சுத்தம், தொழ முனைதல், வாசிப்பு, தன்னை மதிக்கும் ஒரு கூட்டம் ஆகியவைதான். அவற்றில் பல நம்மிடமிருந்து போனவை. எழுந்து நின்றவர் தேடலை நிறுத்தவில்லை. அந்த இயக்கத்தை விட்டுப் பிரிந்து, 1964 இல் ஹஜ்ஜுக்குப் போய், தான் அதுவரை நம்பிப் பேசியதைப் பகிரங்கமாகத் திருத்திக்கொண்டார். ஒரு தரம் மாறியவன் என்பதாலேயே இரண்டாம் தரமும் மாறும் துணிவு அவருக்கு இருந்தது. ஹிதாயத் அல்லாஹ்வின் கையில் இருப்பது.

இரண்டாவது, பள்ளத்தின் ஆழம். 2011 இல் வெளிவந்த தனது நூலில் மெனிங் மரபிள் என்ற வரலாற்றாசிரியர், மல்கம் தன் பழைய குற்ற வாழ்க்கையை மிகைப்படுத்திச் சொன்னார் என்று வாதிடுகிறார். பள்ளத்தை ஆழமாகக் காட்டினால் ஏற்றம் உயரமாகத் தெரியும். நமது 31 மாணவர்களும் செய்தது அதைத்தானே. இந்த ஆசை மனம் திருந்திய கதை சொல்லும் எல்லோருக்கும் உண்டு. ஆகவே அவருடைய தெருக்காலத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடு வாசிக்கலாம். முழங்கால் மடியாத அந்த ஒரு கிழமையை நான் சந்தேகப்படவில்லை. வீரம் காட்ட விரும்புகிறவன் அப்படியொரு சிறுமையை இட்டுக்கட்ட மாட்டான்.

மூன்றாவதுதான் கனமானது. கடிதம் எழுதிய ரெஜினோல்ட்டை அந்த இயக்கம் பின்னர் ஒழுக்கக் குற்றச்சாட்டில் விலக்கி வைத்தது. மல்கம் இயக்கத்தின் பக்கம் நின்றார். தன்னைத் தூக்கிவிட்ட தம்பியைக் கைவிட்டார். ரெஜினோல்ட்டின் மனநிலை குலைந்துபோனதை நூல் சொல்கிறது. அப்போது அதை இறைதண்டனையாகவே மல்கம் பார்த்தார். மீண்டு வந்தவனின் ஈமானில் இப்படியொரு கடுமை ஒளிந்திருக்கலாம். தன்னைக் காத்த அணையை யாராவது தொட்டால் பயம் வருகிறது, அந்தப் பயம் இரக்கத்தைத் தின்றுவிடுகிறது. நூல் இந்த இடத்தில் வேகமாகக் கடந்து போகிறது. அந்தத் தம்பிக்கு இன்னும் இரண்டு பக்கம் கடன் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றியது.

மருத்துவத்தைப் பற்றியும் ஒரு சொல். நூலில் வரும் ‘ஒரேயடியாக நிறுத்தல்’ அந்தக் காலத்துக் கைமுறை. அதைப் பார்த்து யாரும் வீட்டு அறையில் பிள்ளையைப் பூட்டி வைக்கக் கூடாது. நீண்டநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். டொக்டரிடம் போவது தவக்குலுக்கு எதிரானதல்ல. என் தம்பிக்கு மருந்தும் தேவைப்பட்டது, மனிதரும் தேவைப்பட்டார்கள், மார்க்கமும் தேவைப்பட்டது. எது எவ்வளவு என்று அளக்க எனக்குத் தெரியாது.

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் அப்துல்லாஹ் என்றொருவர் இருந்தார். பட்டப்பெயர் ஹிமார். நபியவர்களைச் சிரிக்க வைப்பவர். குடித்ததற்காகப் பல தரம் கொண்டுவரப்பட்டுத் தண்டிக்கப்பட்டவர். ஒருவர் பொறுமையிழந்து அவரைச் சபித்தபோது நபியவர்கள் தடுத்தார்கள். சபிக்க வேண்டாம், அவர் அல்லாஹ்வையும் அவனது தூதரையும் நேசிப்பவர் என்பதே அவர்களின் பதிலின் கருத்து. புகாரியில் உள்ள செய்தி. தண்டனை நிறைவேறியது, குற்றம் குற்றமாகவே இருந்தது. அதே மனிதருக்குள் நேசமும் இருந்தது என்று சாட்சி சொன்னவர்கள் நபியவர்கள். அவர் கடைசியில் குடியை விட்டாரா என்று அந்த அறிவிப்பு சொல்வதில்லை. நமது கதைகளுக்கு எப்போதும் முடிவு தேவை, இந்த அறிவிப்புக்குத் தேவைப்படவில்லை.

இப்படியொரு பாத்திரம் நமது புனைகதைக்குள் வர வேண்டும். விழுகிறவன், எழும்புகிறவன், மறுபடி விழுகிறவன், ஆனால் நேசம் போகாதவன். பாங்குச் சத்தத்தில் அவன் கதை முடியாமல் அங்கிருந்து தொடங்கட்டும். முதல் ஸப்பில் அவனுக்குப் பக்கத்தில் நின்றவரின் முகம் எப்படியிருந்தது, பின்னேரம் நாலு மணியை அவன் எப்படிக் கடந்தான், காசு கையில் வந்த நாளில் எந்த ஒழுங்கையால் வீட்டுக்குப் போனான் என்று எழுதட்டும். அதை எழுத நமது பிள்ளைகளுக்குத் திறமையுண்டு. அப்படிப்பட்ட வீடுகளிலிருந்துதான் சிலர் என் வகுப்புக்கு வருகிறார்கள். தெரிந்ததை எழுத நாம்தான் விடுவதில்லை, நல்ல முடிவு வை என்று சொல்லிச் சொல்லி. நானும் சொல்லியிருக்கிறேன்.

31 கதைகளில் ஒன்றைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். அதுவும் பாங்கில்தான் முடிந்தது. ஆனால் நடுவில் ஒரு வரி இருந்தது. வீட்டில் நானாவுக்கு மட்டும் தனிக் கோப்பையில் தேத்தண்ணி கொடுப்பார்கள் என்று அந்தப் பிள்ளை எழுதியிருந்தாள். கதைக்கு அது தேவையில்லாத விவரம் என்று ஓரத்தில் சிவப்புப் பேனையால் குறித்தேன். அன்று நான் அப்படிப்பட்ட நடுவர்.

மல்கமின் நூலை வாசித்து முடித்த பிறகு தம்பிக்கு நான் புத்தி சொல்வதை நிறுத்தினேன். அஸருக்குப் பிறகு அவனோடு கடற்கரைக்கு நடப்பது என்று வைத்துக்கொண்டேன். பெரும்பாலும் பந்து விளையாட்டும் மீன் விலையும்தான் பேச்சு. நடுவில் ஒரு தரம் விழுந்தான். மூன்று நாள் வீட்டுக்கு வரவில்லை. நாலாம் நாள் அஸருக்குப் பிறகு வாசலில் வந்து நின்றான், ஒன்றும் கேட்காமல் செருப்பைப் போட்டுக்கொண்டு கூட நடந்தேன். இப்போது ஒன்றரை வருடமாகிறது. நாளைக்கு என்னவென்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பள்ளிவாசலில் அவன் கடைசி ஸப்பில் நிற்கிறான். தூணோரம், போவதற்கு வழியுள்ள இடம். சில மாதங்களாக நானும் அந்த ஸப்பிலேயே நிற்கிறேன். எங்கள் இரண்டு பேரின் செருப்பும் வெளியே வாசலில்தான் கிடக்கும்.